வாசிக்காத துப்பறியும் நாவல்களைப் பட்டியலிடுவது எப்படி?

துப்பறியும் நாவல் பிரியர்களிடம் வாசித்தவற்றைவிட வாசிக்காதவைதான் அதிகம் இருக்கும். மாத நாவல் விலை மலிவு. பழைய புத்தகக் கடையில் இன்னும் மலிவு. கட்டாக எடுத்தால் கடை அண்ணாச்சி கூட நாலைப் போட்டுக் கொடுப்பார். பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ நிறைய வாசித்த பெரியவர் ஒருவர் காலமானபின், பிள்ளைகள் அவருடைய பெட்டியை அப்படியே உங்கள் கையில் தந்துவிடுவதும் உண்டு. இப்படிச் சேர்ந்தவை இருநூறைத் தாண்டியதும் சங்கடங்கள் தொடங்குகின்றன. இருக்கிற புத்தகத்தையே மறுபடி வாங்குகிறோம். இருப்பது நிச்சயமாகத் தெரிந்தும் தேடி எடுக்க முடிவதில்லை. அடுத்து எதை வாசிப்பது என்று தெரியாமல் மேலாக இருப்பதையே திரும்பத் திரும்ப எடுக்கிறோம். ‘என்னிடம் இருக்கிறதா, எங்கே இருக்கிறது, அடுத்து எது’ ஆகிய மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லும் பட்டியல் இருந்தால் போதும். அதற்கு மேல் சேர்க்கிற எதுவும் உங்கள் விருப்பம்.

வாசிக்காத துப்பறியும் நாவலைப் பட்டியலிடுகிறவர் கதையைத் தெரிந்துகொள்ளாமலே புத்தகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கொலையாளி யாரென்று பதிவு செய்யும்போதே தெரிந்துவிட்டால் அந்த நாவலை வைத்திருந்து பயனில்லை. கீழே சொல்லும் முறைகள் பலவும் இந்த ஒரு கவலையிலிருந்து பிறந்தவை.

எப்போது, எங்கே

தை பிறந்தபின் தொடங்குங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை மழைக்காலம். பரணிலிருந்து இறக்கிய தாள் அப்போது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தென்காசி, செங்கோட்டை, பாபநாசம் பக்கம் இருப்பவர்களுக்கு ஆனி, ஆடிச் சாரலிலும் இதே தொல்லை. கிழக்கே போகப்போக ஆடிக்காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும். தை, மாசி, பங்குனி மூன்றும் இந்த வேலைக்கு ஏற்ற மாதங்கள்.

இறக்கியவற்றை வெயிலில் போடாதீர்கள். மாத நாவல்கள் பெரும்பாலும் செய்தித்தாள் வகைத் தாளில் அச்சாகின்றன. அந்தத் தாளில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெயில் பட்டதும் பழுப்பேறும். நாளடைவில் தாளே ஒடியத் தொடங்கும். தட்டட்டியில் (மொட்டைமாடியில்) விரித்துக் காயவைப்பது வற்றலுக்குச் சரி, நாவலுக்கு ஆகாது. தார்சாவில் (வீட்டின் முன்கட்டில்), காற்று வரும் நிழலில் ஒரு பாயை விரித்துக்கொள்ளுங்கள். பத்தமடைப் பாய் வேண்டாம். இழைகளுக்குள் புத்தகப் புழுதி இறங்கினால் எடுப்பது கடினம். பழைய கோரைப்பாய் போதும்.

புத்தகத்தை மூடியபடியே பிடித்து, மேல் விளிம்பை மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். மூக்கை மூடிக்கொள்வது அவசியம். திசையன்விளை, உவரிப் பக்கத்திலிருந்து வரும் கட்டுகளில் தேரியின் செம்மணல் தூளும், உப்புக்காற்றில் துருவேறிய பின்களும் சேர்ந்தே வரும். துருப்பிடித்த பின்னை நகத்தால் இழுக்காமல், தட்டையான கத்தி முனையால் கால்களை நிமிர்த்தி எடுங்கள். அதே துளைகளில் வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்து முடிந்துவிடலாம். துரு பரவும் தாளுக்கு இதைவிட எளிய வைத்தியம் இல்லை.

கரையான் மண் ஒட்டியவை, பூச்சித் துளை உள்ளவை, பூஞ்சை படர்ந்தவை ஆகியவற்றை மற்றவற்றோடு சேர்க்கவே கூடாது. பூச்சி இருப்பதாகச் சந்தேகம் வந்தால் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்க வேண்டாம். குளிர்ந்த தாளின் மேல் வெளிக்காற்று பட்டால் நீர் கோத்துக்கொள்ளும். பாச்சை உருண்டையைப் புத்தகப் பெட்டிக்குள் போட்டு அடைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த நெடி தாளில் ஏறினால் வாசிக்கும் நாளில் தலை வலிக்கும்.

புத்தகத்தை எதுவரை திறக்கலாம்

முன்னட்டை, தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் உள்ள பக்கம். இந்த மூன்றோடு நிறுத்துங்கள். பின்னட்டைக் குறிப்பை வாசிக்காதீர்கள். மறுபதிப்புகளின் முன்னுரையை நெருங்கவே வேண்டாம். முன்னுரை எழுதுகிறவர்கள் பல நேரம் எல்லோரும் கதையை அறிந்தவர்கள் என்று எடுத்துக்கொண்டு முடிச்சையும் அவிழ்த்துவிடுகிறார்கள்.

ஆனால் நூல் முழுமையாக இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மற்ற நாவலில் கடைசி நான்கு பக்கம் இல்லையென்றால் வருத்தத்தோடு போகும். துப்பறியும் நாவலில் அது இல்லையென்றால் நூலே இல்லை. அதற்கு ஒரு வழி இருக்கிறது. அஞ்சலட்டை ஒன்றை எடுத்துப் பக்கத்தின் எழுத்தை மறைத்து, பக்க எண்ணை மட்டும் பாருங்கள். புத்தகம் ஃபாரம் ஃபாரமாக, அதாவது ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் பக்கக் கட்டுகளாக, அச்சாகிறது. ஒரு ஃபாரத்துக்கு 16 பக்கம் என்பது பரவலான கணக்கு. தைத்த நூலில் காணாமல் போவது அநேகமாக முழு ஃபாரம்தான். ஆகவே 16, 32, 48 என்று எண்களைத் தாவித்தாவிச் சரிபார்த்தால் வேலை விரைவில் முடியும். நடுவில் பின் அடித்த மெல்லிய மாத நாவலில் கதை வேறு. அங்கே ஒவ்வொரு தாளும் முன்பாதியில் ஓர் ஏடாகவும் பின்பாதியில் ஓர் ஏடாகவும் இருக்கும். முதல் ஏடு கழன்றிருந்தால் கடைசி ஏட்டை உடனே பாருங்கள். அதுவும் கழன்றிருக்கும், அல்லது போயிருக்கும்.

கடைசிப் பக்கத்தில் ‘முற்றும்’ இருக்கிறதா என்று பார்ப்பதை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள். அட்டையால் மறைத்தாலும் கண் ஒரு பெயரைப் பிடித்துவிடும். வீட்டில் இந்த வகைக் கதைகளில் ஆர்வமில்லாத ஒருவரிடம் கட்டாகக் கொடுத்துவிடுங்கள். “மதினி, கடைசிப் பக்கம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள், வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம்” என்று கேட்டால் பத்து நிமிடத்தில் முப்பது நூலைப் பார்த்துவிடுவார்கள். வாடகை நூலகங்களிலிருந்து வெளியே வந்த படிகளை அவர்களே முதலில் புரட்டிப் பார்ப்பது நல்லது. முன்பு வாசித்த யாரோ ஒருவர் முதல் பக்கத்தின் ஓரத்திலேயே கொலையாளியின் பெயரை எழுதி வைத்திருக்கும் படிகள் உண்டு. அதன் மேல் ஒரு வெள்ளைத்தாளை லேசாக ஒட்டிவிட்டுத் தரச் சொல்லுங்கள்.

கடைசி ஏடு இல்லாத நூலை எறிந்துவிட வேண்டாம். ‘குறை’ என்று பட்டியலில் எழுதி வையுங்கள். அதே நாவலின் வேறொரு படி பழைய கடையில் கண்ணில் படும்போது அந்த ஒரு சொல் கைகொடுக்கும்.

எண் போடுதல்

ஆசிரியர்வாரியாக அடுக்கிவிட்டு எண் போடலாம் என்று காத்திருந்தால் வேலை தொடங்காது. கைக்கு வந்த வரிசையில் 1, 2, 3 என்று போடுங்கள். நூலகங்களின் வரவுப் பதிவேடும் இந்த முறையில்தான் நடக்கிறது: நூல் வந்த வரிசை வேறு, அலமாரியில் நிற்கும் வரிசை வேறு. எண்ணைப் பென்சிலால், தலைப்புப் பக்கத்தின் மேல் வலது மூலையில், எல்லா நூலிலும் ஒரே இடத்தில் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா மெல்லிய தாளில் மறுபக்கம் தெரியும். ஒட்டுச்சீட்டின் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி அட்டைப் படத்தைக் கெடுத்துவிடும். ஒரே நாவல் இரண்டு படி இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி எண். ஒரு நூலைக் கொடுத்துவிட்டாலும் அதன் எண்ணை இன்னொன்றுக்கு மாற்றிப் போடக் கூடாது.

நூலகத்தில் முதுகில் ஒட்டியிருக்கும் தசம வகைப்பாட்டு எண் நமக்கு வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். டியூயி முறையில் தமிழ் இலக்கியம் 894.811, அதில் புனைகதை 894.8113. உங்கள் தமிழ் நாவல்கள் அத்தனைக்கும் ஒரே எண் வரும். எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்கிற எண்ணால் எதையும் தேட முடியாது.

நோட்டும் கணினியும்

இரண்டும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புழுதிக் கையோடு பாயில் உட்கார்ந்திருக்கும்போது நீள நோட்டில் எழுதுவதுதான் வேகம். அன்று மாலையே அதை விரிதாளில் ஏற்றிவிடுங்கள். கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் எதுவானாலும் சரி. ஒரு நாளைக்கு 25 நூலுக்கு மேல் போகாதீர்கள். 500 நூலை 20 நாளில் முடித்துவிடலாம், சலிப்பும் தட்டாது.

எண், தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் அல்லது இதழ், ஆண்டு, இருக்குமிடம் ஆகிய ஆறும் கட்டாயம். துப்பறிபவர் பெயர், நிலை, யாரிடமிருந்து வந்தது, யாருக்குக் கொடுத்தது, வாசித்து முடித்த நாள் ஆகியவற்றுக்குக் காலிப் பத்திகள் வைத்துக்கொண்டால் பிறகு நிரப்பலாம். கதைச்சுருக்கத்துக்குப் பத்தியே வேண்டாம். இருந்தால் நிரப்பக் கை துறுதுறுக்கும்.

விரிதாளைத் திறந்ததும் முதலில் எண், ஆண்டு பத்திகளின் வடிவத்தையும், ஐ.எஸ்.பி.என். (நூல்களுக்கான பன்னாட்டு அடையாள எண்) பதிவதானால் அந்தப் பத்தியின் வடிவத்தையும் வெறும் எழுத்து என்று மாற்றிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் 13 இலக்க ஐ.எஸ்.பி.என். எண்ணைச் சில மென்பொருள்கள் 9.78 என்று சுருக்கி அறிவியல் குறியீடாகக் காட்டும். பூஜ்யத்தில் தொடங்கும் பழைய ஆங்கில நூல்களின் எண்ணில் முதல் பூஜ்யமே மறைந்துவிடும். 1987-03 என்று நீங்கள் எழுதும் இதழ் மாதத்தை அது தானாக ஒரு தேதியாக்கிவிடும்.

தட்டச்சு யூனிகோடில்தான் இருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் நாளை வேறு கணினியில் அது புரியாத குறிகளாக நிற்கும். யூனிகோடிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘சௌந்தர்ராஜன்’ என்பதைப் பலர் ஒற்றைக்கொம்பு, ச, ள என்று மூன்று துண்டாக அடித்து ‘செளந்தர்ராஜன்’ ஆக்கிவிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. தேடும் கணினிக்கு இரண்டும் வேறு. இந்திரா சௌந்தர்ராஜனின் நூல்கள் பாதி ஒரு பக்கமும் பாதி வேறு பக்கமும் கிடக்கும். க்ரைம், கிரைம் என்ற இரட்டை எழுத்துமுறையும் இப்படித்தான். ஆசிரியர் பெயர்களைத் தனித்தாளில் ஒரு முறை சரியாக எழுதி, அதிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி கீழிறங்கு பட்டியல் அமைத்துவிட்டால் இந்தக் கவலை தீரும். அகரவரிசைப்படுத்தும்போது ஜ என்பது சகரத்துக்கு அடுத்து வந்தாலோ, ன என்பது நகரத்தை ஒட்டி நின்றாலோ பதற வேண்டாம். யூனிகோடு குறிமுறையில் அவற்றின் இடம் அது.

கைபேசியில் பார்கோடை ஸ்கேன் செய்து பட்டியலிடும் செயலிகள் ஆங்கில நூல்களுக்கு மிக உதவும். நமது மாத நாவல்களுக்கு உதவாது. அவை பருவ இதழாக விற்கப்பட்டவை, ஐ.எஸ்.பி.என். அவற்றில் பெரும்பாலும் இருக்காது.

ஆசிரியர் பெயர்கள்

அட்டையில் என்ன பெயர் இருக்கிறதோ அதையே எழுதுங்கள். சுஜாதாவின் இயற்பெயர் ரங்கராஜன் என்று தெரிந்தாலும் பத்தியில் சுஜாதாதான். சுபா என்பது சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இருவர் சேர்ந்து எழுதும் பெயர். அதையும் ஒற்றைப் பெயராகவே வையுங்கள். இயற்பெயருக்கு வேண்டுமானால் குறிப்புப் பத்தி இருக்கிறது. ராஜேஷ்குமாரும் ராஜேந்திரகுமாரும் வேறுவேறு ஆட்கள். அவசரத்தில் ‘ராஜே’ என்று சுருக்கி எழுதிய நோட்டைக் கணினியில் ஏற்றும்போது நிச்சயம் குழப்பம் வரும். ராஜேஷ்குமார் 1,500-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். அவர் நூல்கள் உங்களிடம் நூறு இருந்தாலும் அது ஒரு சிறு பங்குதான். ஆகவே அவருக்குத் தலைப்பை முழுமையாக, ஒரு சொல்லும் விடாமல் எழுதுவது முக்கியம்.

துப்பறிபவர் பெயருக்கு ஒரு பத்தி வைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நமது வாசகர்கள் பலர் ஆசிரியரைவிட ஆளைத் தேடித்தான் போகிறார்கள். சங்கர்லால், கணேஷ்-வசந்த், பரத்-சுசீலா, விவேக்-ரூபலா, நரேந்திரன்-வைஜயந்தி என்று அட்டையிலேயே பெயர் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உள்ளே தேட வேண்டாம், காலியாக விடுங்கள். மேல்நாட்டு நாவல்களில் துப்பறிபவரின் சொந்த வாழ்க்கை நூலுக்கு நூல் நகர்ந்துகொண்டே போவதுண்டு. நான்காவதை முதலில் வாசித்தால் முதல் மூன்றிலும் யார் பிழைத்தார்கள் என்று தெரிந்துவிடும். அத்தகைய வரிசைகளுக்கு மட்டும் வரிசை எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

மொழிபெயர்ப்பில் மூல நூலின் பெயரைக் கட்டாயம் பதியுங்கள். அகதா கிறிஸ்டியின் ஒரே நாவல் 1934-இல் இங்கிலாந்தில் ‘மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’ என்றும் அமெரிக்காவில் ‘மர்டர் இன் தி காலே கோச்’ என்றும் வந்தது. தலைப்பை மட்டும் நம்பினால் ஒன்றையே இரண்டாக வாங்கிவிடுவோம். சிறுகதைத் தொகுப்புகளில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள் மொத்தம் 4 நாவலும் 56 சிறுகதையும்தான். தமிழிலோ அவற்றைக் கலைத்துக் கலைத்துப் பல தொகுப்புகள் வந்திருக்கின்றன. தொகுப்பு என்றால் பொருளடக்கத்தைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து, நூலின் எண்ணையே படத்தின் பெயராக வைத்துவிடுங்கள்.

ஆண்டு இல்லாத நூலுக்கு ஆண்டு காண்பது

இந்த வேலையிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. மாத நாவலில் மாதமும் ஆண்டும், மலர் எண்ணும் இதழ் எண்ணும் அச்சாகியிருக்கும். அட்டை கிழியாதவரை சிரமம் இல்லை. அட்டை போன நூலும், ஆண்டே அச்சிடாத பழைய பதிப்பும் கையில் வரும்போது தடயம் தேட வேண்டும். கதைக்குள் போகாமலே தடயங்கள் நிறையக் கிடைக்கும்.

விலையைப் பாருங்கள். அணாவில் விலை இருந்தால் தசம நாணயம் வந்த 1957 ஏப்ரலுக்கு முந்தியது, அல்லது அதை ஒட்டியது. ‘நயா பைசா’ என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. அதன்பின் ‘நயா’ உதிர்ந்துவிட்டது. முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. ‘சென்னை-17’ என்று மட்டும் இருப்பதை வைத்து 1972-க்கு முந்தியது என்று முடிவு கட்டக் கூடாது. பழைய பாணியை விடாமல் பல ஆண்டுகள் தொடர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் மெட்ராஸ் என்று முகவரி இருந்தால் 1996 பெயர் மாற்றத்துக்கு முந்தியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எழுத்தைப் பாருங்கள். லை, ளை, னை, ணை ஆகியவற்றைத் தும்பிக்கை போல வளைந்த பழைய வடிவத்திலும், ணா, றா, னா ஆகியவற்றைக் கால் பிரிக்காத வடிவத்திலும் அச்சிட்டிருந்தால் அது 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்திய அச்சாக இருக்கலாம். பழைய ஈய எழுத்துகளைச் சில அச்சகங்கள் அதன்பிறகும் பயன்படுத்தின. ஆகவே ‘1978-க்கு முன்?’ என்று கேள்விக்குறியோடு எழுதுங்கள். ஐ.எஸ்.பி.என். எண்ணில் 10 இலக்கம் மட்டும் இருந்தால் 2006 முடிவதற்குள் வந்தது. 2007 முதல் 13 இலக்கம். இந்திய நூல் என்றால் 978-க்கு அடுத்து 81 அல்லது 93 வரும்.

முத்திரையைப் பாருங்கள். நமது பக்கத்து வாடகை நூலகங்களும் வாசகசாலைகளும் பள்ளிகளும் குத்திய ரப்பர் முத்திரைகளில் மாவட்டப் பெயர் இருக்கும். ‘நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்’ என்று இருந்தால் நல்ல தடயம். அந்தப் பெயர் வழக்கில் வந்தது 1980-களில். 1997-இல் மாவட்டங்களுக்கான தலைவர்கள் பெயர்களை அரசு நீக்கியபோது மறுபடி திருநெல்வேலி ஆயிற்று. முத்திரை சொல்வது நூல் அந்த அலமாரிக்கு வந்த காலத்தை மட்டும்தான். நூல் அதற்கு முன்பே அச்சாகியிருக்கும். திருமணப் பரிசாகக் கொடுத்தவர்களின் கையெழுத்தும் தேதியும் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இவை எதுவும் கிடைக்காவிட்டால் ஆண்டுப் பத்தியைக் காலியாக விடுங்கள். ஊகத்தை உண்மைபோல எழுதிவிட்டால் பின்னால் திருத்துவதற்கு ஒரு காரணமும் தென்படாது.

பைண்டு செய்த தொடர்கள்

வார இதழ்களிலிருந்து தொடர்கதையைக் கிழித்தெடுத்துத் தைத்து வைத்த தொகுதிகள் இல்லாத பழைய வீடு குறைவு. இவற்றைப் பலர் பட்டியலில் சேர்க்காமல் ஒதுக்கிவிடுகிறார்கள். செய்யாதீர்கள். பிறகு நூலாக வந்த நாவலுக்கும் முதலில் இதழில் வந்த வடிவத்துக்கும் படங்களிலிருந்து அத்தியாயப் பிரிப்பு வரை வேறுபாடு இருக்கும். இந்தத் தொகுதிக்கு இன்னொரு படி உலகில் இல்லை. ஒரு தொகுதிக்குள் இரண்டு மூன்று கதைகள் இருந்தால் தொகுதிக்கு ஓர் எண், கதைகளுக்கு 214-1, 214-2 என்று உட்பிரிவு. முழுமையாக இருக்கிறதா என்று அறிய அத்தியாய எண்களை மட்டும் மேலே மேலே பார்த்துப் போங்கள். விடுபட்ட வாரத்தின் எண்ணைக் குறித்து வையுங்கள். பைண்டர் விளிம்பை வெட்டும்போது கடைசி வரி போயிருந்தால் அதையும் நிலைப் பத்தியில் எழுதுங்கள்.

எங்கே வைப்பது

கனமான பதிப்புகள் அலமாரியில் நிற்கும். மாத நாவலுக்கு முதுகே கிடையாது. அலமாரியில் நிறுத்தினால் சரியும், படுக்க வைத்து அடுக்கினால் அடியில் இருப்பது வெளியே வராது. செருப்புப் பெட்டி அளவிலான அட்டைப்பெட்டிகளில் முன்னட்டை உங்களைப் பார்க்கும்படி நெருக்கமில்லாமல் நிறுத்தி, இருபது நூலுக்கு ஒரு தடுப்பு அட்டை செருகுங்கள். தடுப்பின் தலையில் எண்களை எழுதுங்கள்: 141-160. பெட்டிக்கும் ஓர் எண். இருக்குமிடப் பத்தியில் ‘பெ-3’ என்று எழுதினால் பெட்டி மூன்று. ‘அ-2-5 பின்’ என்றால் அலமாரி இரண்டு, ஐந்தாவது தட்டு, பின்வரிசை. இடம் மாற்றினால் பட்டியலிலும் அன்றே மாற்றிவிடுங்கள்.

எந்தப் பெட்டியும் தரையில் இருக்கக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலி சந்திப்புப் பகுதியும் ஆற்றோரத் தெருக்களும் மூழ்கியதை நாம் பார்த்திருக்கிறோம். அன்று பலருடைய வீட்டில் கீழ்த்தட்டு நூல்கள்தான் முதலில் போயின. கீழ்த்தட்டைக் காலியாக விடுங்கள், அல்லது கிடைப்பதற்கு எளிதான புதிய பதிப்புகளை அங்கே வையுங்கள். மறுபடி கிடைக்காத பைண்டுகள் கண் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். பரண் வெள்ளத்துக்குத் தப்பும். ஆனால் ஓட்டு வீட்டில் அங்கே கோடை வெப்பமும் எலியும் இருக்கின்றன. சுவரை ஒட்டி வைக்காமல் நாலு விரல் இடைவெளி விட்டால் கரையான் ஏறுவது முன்கூட்டியே கண்ணில் படும். பட்டியலின் ஒரு படி இணையச் சேமிப்பிலும் இன்னொரு படி வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவரிடமும் இருக்க வேண்டும்.

அடுத்து எது

பட்டியல் முடிந்ததும் அதிலிருந்து பத்தே பத்து நூலைத் தேர்ந்து தனித்தட்டில் வையுங்கள். பத்தும் ஒரே ஆசிரியருடையதாக வேண்டாம்; ஒரே ஆளின் முடிச்சுப் போடும் முறை மூன்று நாவலில் பழகிவிடும், நான்காவதில் பாதியிலேயே ஊகித்துவிடுவோம். ஒரு பழைய பைண்டு, ஒரு மொழிபெயர்ப்பு, மூன்று மாத நாவல் என்று கலந்து வைத்தால் ஒவ்வொன்றும் தன் வியப்பைத் தக்கவைத்துக்கொள்ளும். தாள் நொறுங்கத் தொடங்கியவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள். அவை இன்னும் சில ஆண்டுகளுக்கு மேல் புரட்டத் தாங்காது. ஒன்றை முடித்ததும் தேதியை எழுதி, அதன் இடத்தில் இன்னொன்றைக் கொண்டுவந்து வையுங்கள். முடித்த நாவலைப் பற்றிக் குறிப்பு எழுத ஆசை வந்தால் வேறு கோப்பில் எழுதுங்கள். இந்தப் பட்டியலை நாளை உங்கள் மகளோ மருமகனோ திறந்து பார்ப்பார்கள். அவர்கள் இன்னும் வாசிக்கவில்லை.

கடைக்குப் போகும்முன் பட்டியலைக் கைபேசியில் இணையம் இல்லாமலும் திறக்கும்படி சேமித்துக்கொள்ளுங்கள். புத்தகத் திருவிழாக் கூட்டத்தில் இணைப்பு கிடைக்கும் என்று நம்ப முடியாது. வாங்கி வந்த கட்டை முதலில் தார்சாவில் தனியே வைத்துப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி ஏட்டை மதினி பார்த்தபிறகு எண் போட்டுப் பதியுங்கள். பதியாத நூல் அலமாரிக்குள் நுழையக் கூடாது. இரண்டாவது படி வந்திருந்தால் இரண்டையும் ஒப்பிட்டு நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை ஊர் நூலகத்தில் ஏற்பார்களா என்று கேளுங்கள். நூலகர் வாங்கிக்கொண்டால் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே தேதியையும் நூலகத்தின் பெயரையும் எழுதிவிடுங்கள்.